மாந்தளிரும் மேப்பிள் இலையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதமாக டொராண்டோவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஏழு வயதுப் பேத்தியையும் ஐந்து வயதுப் பேரனையும் இந்த இலையுதிர் காலத்தில் பக்கத்திலுள்ள ரூஜ் காட்டுக்கு அழைத்துச் செல்ல ஆசை. ஆனால் இந்த ஊர் மரம் செடி எதன் பெயரும் எனக்குத் தெரியாது. "இலை ஏன் பாட்டி சிவப்பாச்சு?" என்று பேத்தி கேட்டதற்கே பதில் தெரியாமல் விழித்தேன். நான் அவர்களுக்கு எதைக் காட்ட முடியும்? காட்டில் பயப்பட வேண்டியது ஏதேனும் உண்டா?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: பேத்தியின் கேள்விக்கு உரிய பதில் நம் ஊர்க் கொல்லை மாமரத்திலேயே இருக்கிறது. மாமரம் துளிர்க்கும்போது இளந்தளிர்கள் பச்சையாக வருவதில்லை. செம்பு நிறத்தில் பளபளவென்று துவண்டு தொங்கி, முற்ற முற்றத்தான் பச்சையாகின்றன. 'மாந்தளிர் மேனி' என்று நம் புலவர்கள் பாடியது அந்த நிறத்தைத்தான். தளிருக்கு அந்தச் செம்மையைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமிதான் மேப்பிள் இலையையும் உதிரும் முன் சிவக்க வைக்கிறது.

பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருந்து கிடைக்கும் சத்தைக் கிளைக்கும் வேருக்கும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், கோடை முழுவதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது; பிர்ச் மரங்கள் பொன்னிறமாவது இப்படித்தான். சிவப்போ மறைந்திருந்தது அன்று. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு அந்தச் சில வாரங்களில் புதிதாக உண்டாவது. அதற்கு வெயில் வேண்டும். ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படிந்து மறைத்திருந்தால், மறைந்த இடம் மட்டும் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்பதும் உண்டு. அப்படி ஓர் இலையைக் குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைகிற ஆண்டுகளில் காடு மிக அழகாகச் சிவக்கும்.

உதிர்வதன் காரணமும் உங்களுக்குத் தெரிந்ததே. நம் ஊர் அரசமரம் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு நிற்பதில்லையா? வறட்சி தொடங்கும்போது இலை வழியாக நீரை இழக்க மரத்துக்குக் கட்டுப்படியாகாது. இங்கே பனிக்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து, வேருக்கு எட்டாமல் போய்விடுகிறது. மரத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு வறட்சிதான். தாழ்வான மேப்பிள் கிளை ஒன்றை மெல்ல வளைத்து, இலைக்காம்பு விட்டுப்போன தழும்பையும், அதற்குச் சற்று மேலே கூர்நுனியோடு இறுக மூடியிருக்கும் சின்னஞ்சிறு மொட்டையும் பேத்திக்குக் காட்டுங்கள். அடுத்த சித்திரை, வைகாசியில் விரியப்போகும் இலை இப்போதே அதனுள் மடிந்திருக்கிறது.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அனுமதிக் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிசாலைக்கு அருகே தொடங்கும் விஸ்டா பாதையில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை இருக்கிறது. உங்கள் வயதுக்கும் குழந்தைகளின் காலுக்கும் அந்தப் பாதையே பொருத்தம் என்பேன். கப்பல் பாய்மரங்களுக்காக வெட்டிய வெள்ளைப் பைன் மரங்களை இழுத்துச் சென்ற பழைய வழியான மாஸ்ட் பாதையில் செங்குத்தான ஏற்றம் உண்டு. ஈர இலை படிந்திருக்கும் நாளில் அது வழுக்கும். அக்டோபர் நடுவில் ஆறரை மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடுவதால் மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பாதையை முழுவதும் நடந்து முடிக்க வேண்டும் என்ற கணக்கே வேண்டாம்; ஐந்து வயதுப் பையன் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள்.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று காத்திருக்கிறது. இடுப்பளவு உயரத் தண்டில், பச்சை வற்றிப் பழுப்பேறிய காய் ஒன்று வெடித்து, உள்ளேயிருந்து பட்டுப்போன்ற வெள்ளைப் பஞ்சு, ஒவ்வொரு விதைக்கும் ஒரு குஞ்சமாகக் காற்றில் ஏறிப் பறக்கும். பார்த்த உடனே 'எருக்கு' என்பீர்கள். மில்க்வீட் என்னும் அச்செடி எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கிள்ளினால் பாலும் வடியும். எருக்கிலையைத் தின்று நம் ஊர் வண்ணத்துப்பூச்சி வளர்வதுபோல, மில்க்வீட் இலையை மட்டுமே தின்று வளரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் செப்டம்பரில் இங்கிருந்து கிளம்பி, 3,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. இந்தக் கதையைச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டே விஷயங்கள். முதலாவது, லைம் நோயைப் பரப்பும் உண்ணி. குளிர் வந்துவிட்டது, இனி உண்ணி இராது என்று எண்ண வேண்டாம். வளர்ந்த உண்ணிகள் இலையுதிர் காலத்திலும் நடமாடும். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகி, பாதையை விட்டு இறங்காமல் நடந்து, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய நுனியுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்துவிட்டு, மருத்துவரிடம் கேளுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் சூடு காட்டுவதும் கூடாது. இரண்டாவது, பாய்சன் ஐவி என்னும் கொடி. அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும். இக்காலத்தில் அதுவும் அழகாகச் சிவந்து நிற்பதால் குழந்தைகளின் கை தானாக அதன் பக்கம் போகும். "வில்வம் போல மூன்று மூன்றாகச் சேர்ந்த இலையைத் தொடாதே" என்று சொல்லி வையுங்கள்.

தேசியப் பூங்கா என்பதால் இலை, கொட்டை, காளான் எதையும் அங்கிருந்து எடுத்து வரக் கூடாது. புத்தகத்தில் பாடம்செய்து வைக்க இலை வேண்டுமானால், உங்கள் மகள் வீட்டு வாசலிலேயே வேண்டிய அளவு கொட்டிக்கிடக்கும்.

கேள்வி: பூங்காவில் கறுப்பு அணில்களைக் கண்ட என் பேரன், அவை வேறு இனமா என்று கேட்கிறான். ஓயாமல் எதையோ புதைத்துக்கொண்டும் இருக்கின்றனவே?
– வாசகர், மார்க்கம்

பதில்: வேறு இனம் அல்ல, சாம்பல் நிற அணிலும் கறுப்பு அணிலும் ஒரே இனம், ஒரே ஈற்றிலும் இரு நிறமும் பிறப்பதுண்டு. அவை புதைப்பது பெரும்பாலும் ஓக் கொட்டைகளை. ஒரே இடத்தில் குவிக்காமல் ஒவ்வொன்றாக ஆங்காங்கே புதைத்து, பனிக்காலத்தில் நினைவாலும் மோப்பத்தாலும் தேடி எடுக்கும். எடுக்காமல் விட்டவற்றில் சில முளைத்து மரமாகின்றன. வெள்ளை ஓக்கின் கொட்டை மண்ணில் விழுந்த உடனே, இலையுதிர் காலத்திலேயே முளைவிடும் இயல்புடையது. அப்படி முளைத்தால் சேமிப்பு வீணாகும் என்பதால், புதைக்கும் முன்பே அணில் அதன் நுனியைக் கடித்து முளைக்கருவை எடுத்துவிடுகிறது. வசந்தத்தில்தான் முளைக்கும் சிவப்பு ஓக்கின் கொட்டையைப் பெரும்பாலும் அப்படியே புதைக்கிறது. இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூராக முடிந்தால் சிவப்பு ஓக். அடுத்த முறை போகும்போது, நுனி கடிபட்ட கொட்டை ஏதேனும் கிடக்கிறதா என்று வெள்ளை ஓக்கின் அடியில் பேரனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.