தண்டையார்பேட்டை மாடித் தக்காளி: அடி கறுக்கிறது, பூ உதிர்கிறது

கேள்வி: மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். தை பிறந்ததும் 20 லிட்டர் பெயின்ட் வாளிகளில் ஆறு தக்காளிக் கன்று வைத்தேன். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். முதலில் வந்த காய்களின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிவிட்டது. எப்சம் உப்பு போட்டும் நிற்கவில்லை. இப்போது பங்குனியில் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து எதுவும் அடிக்காதீர்கள் அம்மா. அடி கறுப்பது தண்ணீரால் வருவது. பூ உதிர்வது பட்டம் (நடும் பருவம்) தவறியதால். இரண்டுக்கும் பூச்சியோ பூஞ்சாணமோ காரணம் இல்லை.

காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராவிட்டால் அந்த இடம் கறுக்கும். அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் ஏறும். கடலோரப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். மண்ணில் உப்பு ஏறினால், வாளி ஈரமாக இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சும் கொஞ்சத்தையும் வெயிலில் இலைகளே இழுத்துக்கொள்ளும். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். அது சுண்ணாம்புச் சத்தோடு போட்டி போட்டு நோவைக் கூட்டும், உடனே நிறுத்துங்கள். யூரியாவும் கூடாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, போர் தண்ணீர், மெட்ரோ குழாய்த் தண்ணீர் இரண்டையும் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் அளவு (பிபிஎம்) சுமார் 1100-ஐத் தாண்டினால் தக்காளியில் மகசூல் குறையத் தொடங்கும். போர் தண்ணீர் 1800, மெட்ரோ தண்ணீர் 300 என்றால், சரிபாதி கலந்தால் 1050 வரும்; அது போதும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வாளிக்கும் 10 லிட்டர் மெட்ரோ தண்ணீரை, அரை மணி நேரத்தில் மூன்று தவணையாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள். வாளியின் அடியில் ஐந்தாறு ஓட்டை இருக்க வேண்டும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மற்ற நாட்களில் ஒரு செடிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், காலையும் மாலையும் பிரித்து. ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றுவதுதான் பெரிய கெடுதல். மண்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள். வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜிப்சம் கிளறிவிடலாம், அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்களுக்கு உதவாது. கறுத்தவற்றைப் பறித்துவிடுங்கள்; அவை தேறாது.

இனி பூ. இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் நின்றால் மகரந்தம் வீரியம் இழந்து, பூ பிஞ்சாகாமல் உதிரும். சென்னையில் பங்குனி, சித்திரை இரவுகள் அதைத் தாண்டிவிடும். 50 சதவீத நிழல்வலை கட்டி, காலை எட்டு மணிக்குள் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் கொஞ்சம் பிடிக்கலாம். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இருக்கும் காயைப் பறித்துக்கொண்டு செடியை எடுத்துவிடுவதே என் யோசனை.

அடுத்த முறை ஐப்பசி பிற்பாதியில், நவம்பர் முதல் வாரம், விதை போடுங்கள். நாற்று வளர்க்கும் குழித்தட்டை மழை படாத இடத்தில் வையுங்கள். நனைந்துகொண்டே இருந்தால் நாற்று கழுத்தழுகிச் சாயும். 25 முதல் 30 நாளில் கன்றை வாளிக்கு மாற்றினால் மார்கழியில் பூக்கும், மாசிக்குள் நல்ல காய் பறிக்கலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 வாளிக்கு ஏற்றது. இலைச்சுருட்டை தொல்லை இருந்தால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் வாங்குங்கள். அது வீரிய ஒட்டு ரகம், விதை எடுத்து வைத்துப் போட்டால் அதே குணம் வராது.

மண் கலவைக்குச் செம்மண், மட்கிய தொழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சம பங்கு. கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள்.