அமெரிக்கக் கல்லூரியில் ஐஸ் ஹாக்கி உதவித்தொகையுடன் சேர்ந்த மாணவர் சரியாக ஆடாவிட்டால், பயிற்சியாளர் அதை நிறுத்திவிட முடியுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள், கோல் அடிக்கவில்லை என்றோ காயம்பட்டுவிட்டது என்றோ சொல்லி உதவித்தொகையைக் குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிகளில் இடமில்லை. ஆகவே, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1973 முதல் ஓராண்டு ஒப்பந்தமே வழக்கமாக இருந்தது. பல ஆண்டு ஒப்பந்தங்கள் 2012 வாக்கில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 2024 வரை பல கல்லூரிகளில், ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பயிற்சியாளர் பரிந்துரைக்க முடிந்தது; ஆனால் அந்த முடிவை ஜூலை 1-க்குள் மாணவருக்கு எழுத்தில் தெரிவித்து, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பையும் கல்லூரி தர வேண்டும். மினசோட்டா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய பல்கலைக்கழகங்கள் இடம்பெற்ற பிக் டென் உள்ளிட்ட பெரிய கூட்டமைப்புகள், ஆட்டத்திறனைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுப்பதையும் 2015-இல் தடைசெய்தன. கார்னெல், ஹார்வர்டு போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலோ விளையாட்டு உதவித்தொகையே கிடையாது; குடும்ப வருமானத்தை வைத்துத் தரும் உதவி என்பதால், பயிற்சியாளரின் அதிருப்தி அந்தப் பணத்தைத் தொடாது.

இவை விதிகள். நடைமுறையில், பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தில் கை வைப்பது அரிது. இரண்டாம் வரிசையில் ஆடியவர், களத்தில் குறைந்த நேரமே ஆடும் நான்காம் வரிசைக்குப் போவார். பிறகு ஆட்டத்தில் சேர்க்கப்படாமல், கோட்டு அணிந்து பார்வையாளர் பகுதியில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார். பருவம் முடிந்ததும் தனியே அழைத்து, "அடுத்த ஆண்டு உனக்கு இங்கே ஆட வாய்ப்புக் கிடைப்பது கடினம், வேறு இடம் பார்ப்பது நல்லது" என்று கனிவாகவே சொல்வார்கள். (வெற்றி வராவிட்டால் அவர்களுடைய வேலையும் போய்விடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 2018-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021 முதல் ஓராண்டு காத்திராமலே ஹாக்கி வீரர்கள் கல்லூரி மாறலாம் என்றானது. அதன்பின் இந்த உரையாடல் மிகவும் எளிதாகிவிட்டது. மாணவர் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டால், நடப்புக் கல்விப் பருவத்தின் (செமஸ்டரின்) முடிவோடு உதவித்தொகையை நிறுத்தப் பழைய கல்லூரிக்குப் பொதுவாக உரிமை கிடைத்துவிடுகிறது. கோப்பில் அவர் தானாக விலகியதாகவே பதிவாகும். பிறகு எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது?

2025-இல் நெருக்கடி வேறு வடிவம் எடுத்தது. முன்பு 18 முழு உதவித்தொகைகளை அணி முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது குறித்து என்சிஏஏ மீது தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு நீங்கி, அணியில் 26 பேர் மட்டும் என்ற வரம்பு வந்தது. அதே ஆண்டு கனடாவின் சிஹெச்எல் என்ற ஜூனியர் ஹாக்கி அமைப்பின் வீரர்களுக்கும் கல்லூரி அணிகளில் சேரக் கதவு திறந்ததால், தடுமாறும் வீரரின் இடத்துக்கு அனுபவமுள்ள ஆள் தயாராக இருக்கிறார்.

எனவே, அப்படிப்பட்ட பேச்சு நடந்தால் அன்றிரவே போர்ட்டலில் பெயர் கொடுக்க வேண்டாம். பயிற்சியாளர் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நிதியுதவி அலுவலகத்துக்குச் சென்று, விலகாமல் இருந்தால் அடுத்த ஆண்டு எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள்.