உடுப்பு மூட்டையா, விதைக் காசா?

கேள்வி: மொசாம்பிக்கில் வெள்ளத்தில் அடிபட்ட விவசாயிகளுக்கும் அங்குள்ள மிஷனரிகளுக்கும் அனுப்ப எங்கள் ஆலயத்தில் உடுப்பு சேர்க்கிறார்கள். மிஷனரிகளுக்கு வெளிநாட்டுக் காசு வரும்தானே, பிறகு எதற்கு என்கிறார் என் கணவர்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மிஷனரி என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்தான் உங்கள் கணவருக்கு ஞாபகம் வருகிறார் போல. இன்றைக்குக் கிராமத்துச் சபைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் ஆட்களேதான், நம் தோட்டப்புறத்து உபதேசியார் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், திங்கட்கிழமை மண்வெட்டி. சபையாரின் காணிக்கையும் சோளத்தை நம்பித்தான், அதனால் வயல் போனால் இரண்டு அடுப்பும் சேர்ந்தே அணையும்.

2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. புஸி, புங்வே ஆறுகள் பெருகி 7 லட்சம் ஹெக்டேயருக்கு மேல் பயிர்நிலம் மூழ்கியது. அதுவும் எப்போது? சோளம் முற்றி, இன்னும் சில வாரத்தில் ஒடிக்க வேண்டிய நேரத்தில்! தண்ணீரில் கிடந்த கதிர் அப்படியே முளைவிட்டுவிடும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்த போகத்துக்கு விதையென்று எடுத்து வைக்கவும் எதுவும் மிஞ்சாது.

சரி, உடுப்பு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை மூழ்கியபோது நிவாரண மூட்டை பிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு மூட்டையில் ஜிகினா வைத்த கல்யாணச் சேலை, ஒற்றைச் சப்பாத்து. கப்பலேற்றி இதை அங்கே அனுப்பும் செலவுக்கு அங்குள்ள சந்தையிலேயே விதையும் மண்வெட்டியும் வாங்கலாம். வெள்ளம் வடிந்த ஈரத்திலேயே அவரையும் மரக்கறியும் போட்டுவிடலாம், ஆனால் ஈரம் உங்கள் கப்பலுக்காகக் காத்திருக்காது. அதனால் காசாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் முன் அங்குள்ள போதகரிடம் எந்த மாதம் விதைப்பார்கள் என்று கேட்கவும் சொல்லுங்கள்.

கேள்வி: இத்தனை தடவை வெள்ளத்தில் பட்டும் மொசாம்பிக் விவசாயிகள் ஏன் ஆற்றங்கரையிலேயே இருக்கிறார்கள்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வண்டல் அங்கேதான் இருக்கிறது. மேட்டில் வீடு கட்டிக் கொடுத்தாலும் பயிர் செய்யக் கீழேதான் இறங்கி வருகிறார்கள். மேட்டு மண்ணில் அந்த விளைச்சல் வராதே.