‘வாவ் வாவ்’ என்று ஆடும் பேஸ், அதாவது வாபிள் பேஸ், எப்படிச் செய்வது? எல்எஃப்ஓவை ஃபில்டரில் மாட்டினேன், ஆடுகிறது, ஆனால் ‘பேச’ மாட்டேன் என்கிறதே?

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒரே சுருதியில் ‘ஊ’ என்று இழுங்கள். மூச்சை விடாமல் அப்படியே ‘ஆ’வுக்குப் போய், திரும்ப ‘ஊ’வுக்கு வாருங்கள். ஊ-ஆ-ஊ-ஆ. தொண்டையிலிருந்து வந்தது ஒரே சத்தம்தான், மாறியது வாயின் வடிவம் மட்டும். வாபிள் பேஸும் இதே கதைதான். தொண்டைக்குப் பதில் சத்தத்தை உண்டாக்கும் ஆசிலேட்டர், வாய்க்குப் பதில் மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர், வாயைத் திறந்து மூடும் வேலைக்கு எல்எஃப்ஓ (மெதுவாகச் சுற்றும் ஆசிலேட்டர், தானே சத்தம் தராது, மற்றதை ஆட்டும்).

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1970-ல் வந்த மினிமூக் சிந்தசைசரிலேயே மூன்றாவது ஆசிலேட்டரை மெதுவாக ஓடவிட்டு, அதைக் கொண்டு ஃபில்டரை ஆட்டலாம். 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில் டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை உருவானபோது, அந்த ஆட்டம் பாட்டின் நடுநாயகமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே அடிப்படை இருக்கிறது. இருந்தாலும் நான் வைக்கும் தொடக்க அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். காலி பேட்ச் (சிந்தின் ஒலி அமைப்பு), ஒரு ஆசிலேட்டர், சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை). 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டர், கட்ஆஃப் (வெட்டத் தொடங்கும் இடம்) 120 ஹெர்ட்ஸ் பக்கம், ரெசனன்ஸ் (அந்த இடத்தைத் தூக்கிக் காட்டுவது) கொஞ்சம். எல்எஃப்ஓவைக் கட்ஆஃபில் மாட்டி, உச்சத்தில் 1,500 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை போகும்படி அளவை ஏற்றுங்கள். பாட்டின் வேகம் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 பீட்). சுரம் எஃப், அதுவும் 44 ஹெர்ட்ஸ் பக்கம் விழும் எஃப். இதே சுரத்தை இசை மென்பொருள்களில் ஏபிள்டன் எஃப்0 என்று காட்டும், எஃப்எல் ஸ்டூடியோ எஃப்2 என்று காட்டும். பாடம் பார்த்து அப்படியே செய்தும் ஒரு ஆக்டேவ் தள்ளிப்போவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

சா வேவ்தான் வேண்டுமா என்றால், ஸ்கொயரும் சரி. சைன் மட்டும் வேண்டாம். நான் முதலில் செய்த தப்பு அதுதான்: ‘பேஸ் என்றால் சைன்’ என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு மாலை முழுக்க சைன் வேவை ஃபில்டரால் ஆட்டிக்கொண்டிருந்தேன். சைனில் மேல் ஹார்மோனிக்ஸ் (அடிச் சுரத்தின் மடங்குகளில் வரும் அதிர்வெண்கள்) கிடையாது. ஃபில்டர் வெட்டுவதற்கு எதுவுமே இல்லாதபோது வால்யூம்தான் ஏறி இறங்கும், நிறம் மாறாது. சா வேவில் 44, 88, 132, 176 என்று வரிசையாக எல்லாம் இருக்கிறது. ஸ்கொயரில் ஒற்றைப்படை மட்டும், அதனால் கொஞ்சம் உள்ளீடற்ற, குழல் போன்ற தொனி.

சரி, இப்போது ‘பேசாத’ பிரச்சினை. உங்கள் எல்எஃப்ஓ ரேட் (ஆடும் வேகம்) பாட்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். 1/8 என்று வைத்துவிட்டு அதைத் தொடவே இல்லை, சரிதானே? அப்படியென்றால் நீங்கள் எந்த ப்ரீசெட்டை (தயாராக வரும் ஒலியை) எடுத்தாலும் தண்ணீர் மோட்டார் ஓடுவது போலத்தான் கேட்கும். பேச்சில் எல்லா அசையும் ஒரே நீளத்தில் வருவதில்லை அல்லவா? குறிலும் நெடிலும் கலந்து வருவதால்தான் அது பேச்சு.

140 பிபிஎம்மில் ஒரு பீட் சுமார் 0.43 விநாடி. எல்எஃப்ஓ 1/4-ல் இருந்தால் பீட்டுக்கு ஒரு ‘வாவ்’. 1/8 என்றால் இரண்டு, அதாவது விநாடிக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. 1/8 ட்ரிப்ளெட் என்றால் மூன்று, விநாடிக்குச் சரியாக 7. 1/16 என்றால் நான்கு. இதற்கு மேல் 1/32-க்குப் போனால் விநாடிக்குப் பதினெட்டு, பத்தொன்பது தடவை. அங்கே தனித்தனி ‘வாவ்’ மறைந்து உறுமலாகிவிடும். உறுமலும் வேண்டியதுதான், எப்போதாவது.

நான் மவுஸைத் தொடுவதற்கு முன்பு வாயால் சொல்லிப் பார்ப்பேன். ட்ரிப்ளெட்டுக்குத் ‘தகிட’, பதினாறுக்குத் ‘தகதிமி’, காலுக்கு நீட்டி ஒரு ‘தா’. ‘தா… தகிட தகிட’ என்று நான்கு பீட், அடுத்த நான்கு பீட்டில் ‘தா… தா… தகதிமி’, கடைசி பீட்டில் மௌனம். (முதல் ‘தா’ மட்டும் இரண்டு பீட் நீளம்.) சொல்லும்போதே தலை ஆடினால் அது மென்பொருளிலும் வேலை செய்யும். மௌனத்தை விட்டுவிடாதீர்கள். டப்ஸ்டெப்பில் ஸ்னேர் பெரும்பாலும் மூன்றாவது பீட்டில் விழும். அந்த இடத்திலும் பேஸ் ஒரு கணம் வாயை மூடினால் இரண்டும் பெரிதாகக் கேட்கும்.

இதைச் செய்ய இரண்டு வழி. ஒன்று, எல்எஃப்ஓ ரேட்டுக்கு ஆட்டோமேஷன் எழுதுவது (பாட்டு ஓடும்போது ரேட் தானாக மாறும்படி). எளிதுதான், ஆனால் ரேட் மாறும் இடத்தில் எல்எஃப்ஓ பாதிச் சுற்றில் இருந்தால் அடுத்த ‘வாவ்’ நடுவிலிருந்து தொடங்கி வழுக்கும். அதனால் ரேட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் சுரத்தை வெட்டி, புதிய நோட் போடுங்கள். எல்எஃப்ஓவை ரீட்ரிக்கரில் வையுங்கள், அப்போது ஒவ்வொரு நோட்டும் சுற்றின் தொடக்கத்திலிருந்து கிளம்பும். இன்னொரு வழி, எல்எஃப்ஓவின் நீளத்தை இரண்டு முழு பாராக (எட்டு பீட்) வைத்து, மேலே சொன்ன தாளத்தை அந்தப் பெட்டிக்குள்ளேயே வரைந்துவிடுவது. சீரம் என்ற சிந்த் மென்பொருளில் இது சுகம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு மேட்டின் சாய்வையும் தனியாக வளைக்கலாம். மேடு செங்குத்தாக ஏறி மெதுவாக இறங்கினால் ‘டாவ்’, மெதுவாக ஏறிச் சட்டென்று விழுந்தால் ‘வ்வாப்’.

ரீட்ரிக்கர் பற்றி ஒரு தனி வரி: அது தெரியாமல் நான் ஒரு பாட்டை நான்கு தடவை எக்ஸ்போர்ட் செய்தேன், நான்கும் நான்கு விதமாக வந்தன. கம்ப்யூட்டர் மேல் சந்தேகப்பட்டேன். எல்எஃப்ஓ தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் சப், அதாவது பேஸின் மிக அடிமட்டம். அடியில் இருக்கும் 44 ஹெர்ட்ஸை வாபிளோடு சேர்த்து ஆடவிடாதீர்கள். ஃபில்டர் மூடும்போதெல்லாம் அடித்தளமும் சேர்ந்து தளர்ந்தால், பெரிய ஸ்பீக்கரில் பேஸ் வந்து வந்து போகும். சப்புக்குத் தனியாக ஒரு சைன், மோனோ, எல்எஃப்ஓ கிடையாது, டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கிடையாது. (சைனுக்கு வேலை இங்கேதான்.) வாபிள் சத்தத்தை 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை-பாஸால் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரால்) வெட்டிவிட்டால் இரண்டும் மோதாது. சீரமில் சப் ஆசிலேட்டருக்கு ‘டைரக்ட் அவுட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சப் ஃபில்டரையும் எஃபெக்ட்களையும் தாண்டி நேராக வெளியே போகும். அந்த நிலையில் ஹை-பாஸை ப்ளகினுக்குள் எஃபெக்ட் வரிசையில் போடுங்கள். வெளியே போட்டால் சப்பையும் சேர்த்தே வெட்டிவிடும்.

டிஸ்டார்ஷனை ஃபில்டருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் அது உண்டாக்கிய ஹார்மோனிக்ஸை ஃபில்டர் வெட்டி மழுப்பிவிடும். பின்னால் வைத்தால் ரெசனன்ஸின் முகடு டிஸ்டார்ஷனுக்குள் மோதி, ‘யா’, ‘யோ’ என்று உயிரெழுத்து போல வாய் திறக்கும். நீங்கள் கேட்ட ‘பேச்சில்’ பாதி இந்த முகடுதான். ரெசனன்ஸை ஏற்றிக்கொண்டே போய், விசில் அடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அதே எல்எஃப்ஓவை வேவ்டேபிள் பொசிஷனிலும் (அலையின் வடிவத்தை மாற்றும் குமிழ்) கொஞ்சம் மாட்டினால் ஒவ்வொரு ‘வாவ்’வும் வாய்க்குள் நாக்கு நகர்வது போலப் புரளும். யூனிசன் (ஒரே சுரத்தைப் பல குரலாக அடுக்குவது) மட்டும் பார்த்து. ஏழு குரல் போட்டு விரித்தால் ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும், மோனோவில் பாதி காணாமல் போகும்.

சீரம் இல்லாமல் இதைப் படிப்பவர்களுக்கு: வைட்டல் என்ற சிந்த் மென்பொருளின் இலவசப் பதிப்பில் மேலே சொன்ன ஃபில்டர், எல்எஃப்ஓ வேலை எல்லாமே செய்யலாம். ஏபிள்டனில் ஆட்டோ ஃபில்டருக்குள்ளேயே எல்எஃப்ஓ இருக்கிறது, எந்த சிந்த் மேலும் போடலாம். எல்எஃப்ஓவே இல்லாத பழைய ப்ளகின்தான் கையில் இருக்கிறதென்றால், ஒரு சாதாரண லோ-பாஸ் ஃபில்டரைப் போட்டு கட்ஆஃபுக்குக் கோட்டைக் கையால் வரையுங்கள். எட்டு பீட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். நான் முதன்முதலில் உருப்படியாகச் செய்த வாபிள் அப்படி வரைந்ததுதான்.