வாசகர் கேள்வி: அவ்ளோ சின்ன கம்பிய எப்படிங்க வரையறாங்க?

கேள்வி: சென்சாருக்குள்ள தலைமுடியவிட ஆயிரம் மடங்கு மெல்லிசா கம்பி இருக்குனு படிச்சேன். எதுக்கு அவ்ளோ மெல்லிசு, அத எப்படி செய்றாங்க?

பதில்: எதுக்குங்கறத மொதல்ல சொல்லிடறேன். கம்பி தடியா இருந்தா மேல ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினாலும் உள்ள ஓடுற கரண்டுக்கு அது உறைக்கவே உறைக்காது, அதையே சில பத்து நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர்னா மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) இளைச்சுட்டா கரண்ட் முழுக்க மேல்பரப்ப ஒட்டியே ஓடும், அப்போ மேல எது ஒட்டினாலும் ரீடிங்ல தெரிஞ்சிடும். 2001ல ஹார்வர்டுல சார்லஸ் லீபர் குழு சிலிக்கான் நானோகம்பிய வச்சு பிஎச், அதாவது திரவத்தோட அமில-காரத் தன்மைய அளந்து காட்டினாங்க. அது தங்கத் துகள விதையா வச்சு வளர்த்த சிலிக்கான் கம்பி. 2007ல மான்செஸ்டர்ல கிராஃபீன்ங்கற ஒரே அணு தடிமன் கார்பன் தாள் மேல ஒத்த வாயு மூலக்கூறு ஒட்டுறதையே பிடிச்சாங்க, எனக்கு இப்பவும் அது பிரமிப்புதான்.

கம்பிய வளர்க்காம நேரடியா வரையணும்னா எலக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி, அதாவது மெல்லிய எலக்ட்ரான் கற்றைய பேனா மாதிரி வச்சு வரையறது. வேஃபர்ங்கற மெல்லிசான சிலிக்கான் தகடு மேல பிஎம்எம்ஏங்கற பிளாஸ்டிக்க மெல்லிசா சுழட்டிப் பூசுவாங்க, எலக்ட்ரான் பட்ட எடத்துல அதோட சங்கிலி அறுந்துடும், டெவலப்பர்ங்கற கரைக்கிற திரவத்துல போட்டா அந்த கோடு மட்டும் கரைஞ்சு பள்ளமாகும், அப்புறம் வேஃபர் முழுக்க தங்கத்த ஆவியாக்கிப் படிய விட்டு அசிட்டோன்ல ஊற வைப்பாங்க. இங்கதான் மனசு திக்குதிக்குனு அடிக்கும். அடியில இருக்கற பிளாஸ்டிக் கரையக் கரைய மேல இருக்கற தங்கத்தகடு சுருக்கம் விழுந்து ஏடு மாதிரி பிரிஞ்சு மிதக்கும், வேஃபரோட ஒட்டின கோடு மட்டும் நிக்கும். பாதியில அவசரப்பட்டு வெளிய எடுத்து காய விட்டீங்கன்னா பிரிஞ்ச துணுக்கு மறுபடி கம்பி மேலேயே ஒட்டிக்கும், அப்புறம் எத்தன தடவ கழுவினாலும் வர்றது ரொம்ப கஷ்டம். அதனால பொறுமையா ஊற விடுங்க, ராத்திரி முழுக்க ஆனாலும் பரவால்ல.

கேள்வி: இதெல்லாம் செய்ற லேப் ரூம்ல ஏன் மஞ்ச லைட்டு?

பதில்: அங்க ஒளியால உருவம் வரையறதுக்கு ஃபோட்டோரெசிஸ்ட்னு ஒளி பட்டா மாறுற பூச்சும் பயன்படுத்துவாங்க, அதுக்கு புற ஊதா, நீல ஒளி ஆகாது, சாதா லைட்டுலயே கெட்டுடும். மஞ்சள்ல அதுக்கு ஒண்ணும் ஆகாது.

கேள்வி: இப்படி ஒவ்வொரு கோடா வரைஞ்சா லட்சக்கணக்குல எப்படி செய்ய முடியும்?

பதில்: முடியாதுங்க, பீம் புள்ளி புள்ளியா நகர்றதால ரொம்ப ஸ்லோ. அதுக்குத்தான் நானோஇம்ப்ரின்ட், 1995ல ஸ்டீபன் சௌ செஞ்சு காட்டினது, சூடாக்கி இளக்கின பிளாஸ்டிக் மேல அச்ச வச்சு அழுத்தி 25 நானோமீட்டர் அளவுக்கு உருவம் எடுத்தாங்க. ஒரு அச்சு இருந்தா திரும்பத் திரும்ப அழுத்திக்கலாம், ஆனா அந்த மொத அச்ச செய்ய பெரும்பாலும் எலக்ட்ரான் பீம்கிட்டதான் போகணும்.