கைக்குழந்தை இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகக் கட்டிவரும் பழைய ஆயுள் காப்பீட்டு பாலிசியை நிறுத்திவிட்டு டெர்ம் காப்பீடு (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் டெர்ம் பாலிசி கைக்கு வரட்டும். பிறகு பழையதைத் தொடுங்கள். மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாகத் தெரிந்தால் புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டும் இல்லாமல் நிற்கக் கூடாது.

நான்கு ஆண்டுகள் கட்டியும் சரண்டர் தொகை, அதாவது பாலிசியை இடையில் முடித்தால் திரும்பக் கிடைக்கும் பணம், கட்டியதில் பாதிகூட இல்லை என்கிறீர்கள். தொடக்க ஆண்டுகளின் பிரீமியத்தில் பெரும்பங்கு முகவர் கமிஷனுக்கும் நிறுவனச் செலவுக்கும் போய்விடுவதே பெரும்பாலும் காரணம். (விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.)

சரண்டர் மட்டுமே வழி அல்ல. இனி பிரீமியம் கட்டாமல், குறைந்த காப்புத் தொகையோடு பாலிசியை முதிர்வுவரை விட்டுவைக்கும் 'பெய்டு-அப்' வசதி உங்கள் பாலிசியில் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், இன்று சரண்டர் செய்தால் என்ன வரும், பெய்டு-அப்பாக விட்டால் முதிர்வில் என்ன வரும் என்ற இரண்டு எண்களையும் எழுத்துமூலம் வாங்குங்கள். முதல் தொகையை அதே காலத்துக்கு வங்கி வைப்பில் போட்டால் எவ்வளவாகும் என்று கணக்கிட்டால் விடை தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் புகைப்பழக்கத்தை மறைக்காதீர்கள். மறைத்தால் பிரீமியம் குறையும்தான். ஆனால் இழப்பீடு மறுக்கப்பட்டால் அலையப்போவது உங்கள் மனைவி.