கல்லூரி இதழுக்குத் திறமை மட்டும் போதாதா?

வேலூரில் மாணவர் இதழுக்கு ஆள் எடுக்கும்போது பின்னணியையும் பார்க்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பார்க்கணும்.

அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. அந்த மலைக்கு அன்று சரியான சாலை இல்லை. நம்மில் பலருக்கு அந்த ஊரின் பெயரே அப்போதுதான் தெரியும். மலையிலிருந்து ஒரு நிருபர் இருந்திருந்தால், சாலையைப் பற்றி முன்பே எழுதியிருப்பார்.

அமெரிக்காவில் இனக் கலவரங்களை ஆராய அரசு அமைத்த கெர்னர் ஆணையம் 1968லேயே, பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணோடு மட்டும் உலகைப் பார்ப்பதாகச் சாடியது. 2000க்குள் மக்கள்தொகை விகிதத்துக்கேற்பச் சிறுபான்மையினரைச் செய்தியறைகளில் சேர்ப்போம் என்று அங்குள்ள பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 1978இல் இலக்கு வைத்தது; எட்டவில்லை. அங்கே நிறம் என்றால் இங்கே முதலில் சாதி. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி செய்தித் தளமும் 2019இல் செய்த ஆய்வில், இந்திய ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

தேர்வை ஆங்கிலத்தில் மட்டும் வைக்காதீர்கள். குடியாத்தம் பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, மேல்விஷாரம் மாணவி, விடுதியில் தங்கிப் படிக்கும் வடகிழக்கு மாணவர் எல்லாரையும் நீங்களே போய்க் கூப்பிடுங்கள். அப்புறம், அவரவர் ஊர்ச் செய்தியோடு அவர்களை நிறுத்திவிடாதீர்கள். முதல் பக்கத்தில் எது வரணும் என்று முடிவெடுக்கும் கூட்டத்திலும் அவர்கள் உட்காரணும்.